ரொமேன் காரி: நடந்தது எது, புனைந்தது எது?

இரண்டாம் உலகப் போரில் உயரிய பதக்கங்கள் பெற்று, பிறகு பிரெஞ்சு நாவலாசிரியராகப் பெயரெடுத்தவர் ரொமேன் காரி. அவர் வாழ்க்கையாகச் சொல்லப்படுவதில் எது நிஜம், போர் அவருடைய எழுத்துக்கு என்ன கொடுத்தது, எந்த நூலிலிருந்து தொடங்கலாம் என்பது கேள்வி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போர்க்காலம் பற்றிய செய்திகளில் முக்கியமானவற்றுக்கு ஆவணம் இருக்கிறது; குடும்பத்தைப் பற்றி அவர் எழுதியதைத்தான் எச்சரிக்கையோடு படிக்கவேண்டும். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். வீரக்கதையைச் சந்தேகித்துவிட்டு, அம்மாவைப் பற்றிய கதையை அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

பிறப்புச் சான்றில் அவர் பெயர் ரோமன் கட்செவ். 1914 மே மாதம், அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்த வில்னியுஸில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை ஆரியே-லெய்ப் கட்செவ் விலங்கு ரோமத்தாலான ஆடைகளின் வியாபாரி. தாய் மினா. பெற்றோர் பிரிந்த பிறகு தாயும் மகனும் சிறிது காலம் வார்சாவில் இருந்துவிட்டு, 1928-ல் பிரான்சின் நீஸ் நகருக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே மினா 'மெர்மோன்' என்ற சிறிய தங்கும் விடுதியை நடத்தி மகனைப் படிக்கவைத்தார். நீரிழிவு நோயோடுதான் இத்தனையும் செய்தார். காரி சட்டம் படித்தார், 1935-ல் முதல் சிறுகதை பத்திரிகையில் வந்தது, அதே ஆண்டு பிரெஞ்சுக் குடியுரிமையும் கிடைத்தது.

இந்தக் குழந்தைப் பருவத்தை அவர் எழுதிய நூல் 1960-ல் வந்த 'லா ப்ராமெஸ் த லோப்'; ஆங்கிலத்தில் 'ப்ராமிஸ் அட் டான்'. அதில் யாரும் மறக்கமுடியாத ஓர் இடம் உண்டு. மகனுக்குத் தினமும் இறைச்சித் துண்டு வறுத்துப் போடும் அம்மா, தனக்கு இறைச்சி ஆகாது என்பார். ஒருநாள் பையன் சமையலறைக்குள் எட்டிப் பார்க்கிறான். அவர் முக்காலியில் உட்கார்ந்து, மடியில் வாணலியை வைத்துக்கொண்டு, அதில் ஒட்டியிருக்கும் கொழுப்பை ரொட்டித் துண்டால் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இது நடந்ததா இல்லையா என்று யாரும் நிரூபிக்க முடியாது. நிரூபிக்கத் தேவையும் இல்லை. ஆனால் அதே நூலில் சரிபார்க்கக்கூடிய செய்திகளும் இருக்கின்றன. அங்கேதான் கவனம் வேண்டும்.

போர் முழுவதும் அம்மாவின் கடிதங்கள் மகனைத் தேடி வந்துகொண்டே இருந்தன என்றும், விடுதலைக்குப் பிறகு நீஸுக்குத் திரும்பியபோதுதான் அவர் மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டது தெரிந்தது என்றும் நூல் சொல்கிறது. சாகுமுன் ஏறக்குறைய 250 கடிதங்களை எழுதி ஒரு தோழியிடம் கொடுத்து, ஒவ்வொன்றாக அனுப்பச் சொல்லியிருந்தாராம். மினா 1941 பிப்ரவரியில் இறந்தது உண்மை. கடிதக் கதை புனைவு. மகனுக்கு மரணச் செய்தி போர் நடந்துகொண்டிருக்கும்போதே கிடைத்துவிட்டது என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் கண்டறிந்தார்கள். அதேபோல், மௌனப்பட நடிகர் இவான் மொஸ்ஜூகின்தான் தன் தந்தையாக இருக்கக்கூடும் என்று காரி கோடிகாட்டி வந்தார். ஆவணங்களில் தந்தை கட்செவ்தான். அவர் மறுமணம் செய்துகொண்டு வில்னியுஸிலேயே இருந்தார். யூத அழித்தொழிப்பில் அந்தக் குடும்பமும் அழிந்தது. இவற்றைப் பொய் என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. அந்த நூலைத் தன்வரலாற்று நாவலாக எடுத்துக்கொண்டால் சிக்கலே இல்லை. நூலிலுள்ள தேதிகளை அப்படியே எடுத்து வாழ்க்கைக் குறிப்பு எழுதும்போதுதான் தவறுகள் பெருகுகின்றன.

இனி போர். 1938-ல் விமானப்படையில் சேர்ந்தார், அவோர் பள்ளியில் அப்சர்வர் (விமானிக்கு வழிகாட்டுபவர்) பயிற்சி பெற்றார். குடியுரிமை பெற்று அதிக நாள் ஆகவில்லை என்பதால் அதிகாரிப் பதவி தரப்படவில்லை. கூடப் படித்தவர்கள் அதிகாரிகளாக வெளியேற, இவர் கீழ்நிலை வீரராக விமானத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். இப்படித் தன்னை ஒதுக்கிய நாட்டுக்காகத்தான் 1940 ஜூனில், அரசே சரணடைந்த பிறகும், சண்டையைத் தொடரப் புறப்பட்டார். போர்தோவிலிருந்து விமானத்தில் வட ஆப்பிரிக்கா, காசாபிளாங்காவிலிருந்து சரக்குக் கப்பலில் பிரிட்டன். ஜூலையில் கிளாஸ்கோவில் இறங்கி, சரணடைய மறுத்த பிரெஞ்சுத் தளபதி தெகோலின் சுதந்திர பிரெஞ்சு விமானப்படையில் சேர்ந்தார். பிறகு ஆப்பிரிக்கா, லிபியாவின் குஃப்ரா, அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா), சிரியா. அங்கே டைபாய்டு கண்டு சாவின் விளிம்புவரை போய்வந்தார். 1943 தொடக்கத்தில் மறுபடி இங்கிலாந்து. 'லொரேன்' குழு, அதாவது பிரிட்டிஷ் விமானப்படையின் 342-ஆம் ஸ்குவாட்ரன்.

அவரை 'விமானி' என்று எழுதுவதுதான் இணையத்தில் அதிகம் தென்படும் பிழை. அவர் விமானம் ஓட்டியவர் அல்லர். அப்சர்வர், அதாவது வழிகாட்டுவதும் குண்டைக் குறிபார்த்து இறக்குவதும் அவர் வேலை. பிழை சிறியதாகத் தெரியலாம். ஆனால் இந்த வேறுபாடு புரியாவிட்டால் 1944 ஜனவரி 25 அன்று நடந்தது என்னவென்றே புரியாது.

லொரேன் குழு ஓட்டியது பாஸ்டன் ரக இரட்டை இன்ஜின் விமானம். அதன் உடல் மிகக் குறுகலானது. மூக்கிலுள்ள கண்ணாடிக் கூண்டில் அப்சர்வர். அவருக்குப் பின்னால் மேலே விமானி தனியாக. இறக்கைக்குப் பின்னால் துப்பாக்கி இயக்கும் கன்னர்கள். துணை விமானி கிடையாது. பறக்கும்போது ஒருவர் இடத்துக்கு இன்னொருவர் போக முடியாது. நடுவில் தடுப்பு. அவர்களை இணைப்பது இன்டர்காம் ஒன்றுதான். விமானிக்கு அடிபட்டால் அவரைத் தள்ளி உட்காரவைத்துவிட்டு வேறொருவர் ஓட்டுவதற்கு வழியே இல்லை.

அந்தக் காலகட்டத்தில் இந்தக் குழுவின் முக்கிய இலக்குகள் வடக்கு பிரான்சில் ஜெர்மானியர்கள் கட்டிவந்த வி-1 பறக்கும் குண்டு ஏவுதளங்கள். சிறிய இலக்குகள், சுற்றிலும் விமான எதிர்ப்புப் பீரங்கிகள். அன்று ஆறு விமானங்கள் கொண்ட அணியின் முதல் விமானத்தில் காரி இருந்தார். முதல் விமானத்தின் குறி தவறினால் அணியின் குண்டுகள் எல்லாமே தவறும். இலக்கை நெருங்கும்போது பீரங்கிக் குண்டின் சிதறல்கள் பாய்ந்தன. விமானி அர்னோ லான்ஜேக்குக் கண் தெரியாமல் போயிற்று. காரிக்கு வயிற்றில் காயம். விமானியின் தலைக்கு மேலிருக்கும் மூடி சிக்கிக்கொண்டதால் அவரால் குதிக்க முடியவில்லை. அவரை விட்டுவிட்டுக் குதிக்க மற்றவர்கள் தயாராக இல்லை.

காரி குரலால் விமானத்தை நடத்தினார். இடது, வலது, நேராக, இன்னும் கொஞ்சம். இதில் ஒரு தொழில்நுட்பம் ஒளிந்திருக்கிறது. குண்டு போடும் கடைசிக் கணங்களில் விமானி எப்போதுமே அப்சர்வரின் சொல்படிதான் ஓட்டுவார், ஏனென்றால் குறிபார்க்கும் கருவி மூக்கில் இருக்கிறது. அந்தப் பழக்கம் இருவருக்கும் ஏற்கெனவே இருந்தது. அதனால் இலக்கின் மேல் குண்டுகளை இறக்குவதுவரை ஒருவாறு முடிந்தது. பழக்கம் உதவாத இடம் தரையிறக்கம். தரை எவ்வளவு கீழே இருக்கிறது, எந்தக் கணத்தில் மூக்கைத் தூக்கவேண்டும் என்பதை விமானி கண்ணால்தான் அளப்பார். அதை வாயால் சொல்லி, கேட்டவர் கை அசைப்பதற்குள் நேரம் போய்விடும். இரண்டு முறை இறங்க முயன்று முடியாமல் மறுபடி எழும்பி, மூன்றாம் முறை தரையைத் தொட்டார்கள். எல்லோரும் பிழைத்தார்கள்.

காரியின் போர்க் கணக்கு 25-க்கும் மேற்பட்ட தாக்குதல் பறத்தல்கள். 1944 நவம்பரில் அவரை 'விடுதலைத் தோழர்' ஆக்கினார்கள். இதன் மதிப்பு வெளியாருக்கு எளிதில் தெரிவதில்லை. 1940-ல் தெகோல் நிறுவிய இந்த வரிசையில் இடம்பெற்ற தனிமனிதர்கள் மொத்தம் 1,038 பேர்தான். அவர்களோடு 18 படைப்பிரிவுகள், 5 ஊர்கள். போர் முடிந்ததும் பட்டியல் மூடப்பட்டுவிட்டது. பெற்றவர்களில் பலருக்கு இறந்தபின்தான் கிடைத்தது. 'க்ருவா த கேர்', 'லெஜியோன் தொனர்' போன்ற பிரெஞ்சுப் பதக்கங்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான் என் கணக்கில்.

இவ்வளவு இருந்தும் அவர் விமானப் போர் நாவல் எழுதவில்லை. இதுதான் அவரைப் பற்றி நான் முதன்மையாகச் சொல்லவிரும்புவது. 'ப்ராமிஸ் அட் டான்' நூலில் தாக்குதல்களுக்குச் சில பக்கங்கள். செத்துப்போன தோழர்களின் பெயர்களுக்குத்தான் அழுத்தம். அவர்கள் குண்டு போட்டது பெரும்பாலும் தங்கள் சொந்த மண்ணின் மேல் என்பதையும் சேர்த்து யோசித்தால் அந்த மௌனம் புரிகிறது. மேலே இருந்து பார்த்த போரை அவர் எழுதவில்லை. கீழே ஒளிந்திருந்தவர்களின் போரை எழுதினார்.

முதல் நாவலைப் பாருங்கள். 'எதுகாசியோன் எரோப்பேன்' நாவலைப் போர் நடக்கும்போதே, பறத்தல்களுக்கு இடையில், இரவுகளில் எழுதினார். தகரக் கூரைக் குடிலில், விமானச் சட்டையைப் போட்டுக்கொண்டு, குளிரில் விரல் விறைக்க எழுதியதாகச் சொல்கிறார். கதை நடப்பது அவர் பிறந்த வில்னியுஸ் பகுதியின் காடுகளில், போலந்துக் கெரில்லாக்களிடையே. முதல் காட்சியிலேயே ஒரு தந்தை தன் மகன் யானெக்கை ஒளித்துவைக்கக் காட்டில் குழி தோண்டி முடிக்கிறார். ஆங்கில மொழிபெயர்ப்பு 1944-லேயே முந்திக்கொண்டு வந்தது, பிரெஞ்சு மூலம் 1945-ல். அந்த ஆண்டின் விமர்சகர் பரிசும் கிடைத்தது.

முப்பது ஆண்டு தள்ளி 1975-க்கு வாருங்கள். 'லா வி தெவான் சுவா' நாவலில், ஆஷ்விட்ஸ் நாஜி முகாமிலிருந்து மீண்ட முதிய யூதப் பெண் மதாம் ரோசா, தான் குடியிருக்கும் கட்டடத்தின் நிலவறையில் ஒரு ரகசிய இடம் வைத்திருக்கிறார். ஒரு நாற்காலி, மெழுகுவத்தி, சில சாமான்கள். பயம் வரும்போது இறங்கிப்போய் உட்கார்ந்துகொள்வார். 1979-ல் வந்த நாவலில் சாலமன் என்ற முதியவர், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது பாரிஸின் நிலவறை ஒன்றில் நான்கு ஆண்டுகள் ஒளிந்திருந்தவர். 1980-ல் வந்த கடைசி நாவல் 'லே செர்வோலான்' முடியும் வரியில், யூதர்களை ஒளித்துக் காப்பாற்றிய லெ ஷாம்போன் கிராமத்தின் பெயரும் பாதிரியார் ஆந்த்ரே த்ரோக்மேயின் பெயரும் வருகின்றன. முதல் நாவலின் முதல் பக்கத்தில் தோண்டிய குழியிலிருந்து கடைசி நாவலின் கடைசி வரிவரை ஒரே கேள்விதான்: ஒளிய இடம் தேடுகிறவருக்கு யார் இடம் கொடுப்பார்கள்? பீரங்கிச் சத்தத்தைத் தேடி அவரிடம் போகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

நடுவில் நிற்பது 1956-ல் வந்த 'லே ராசின் து சியேல்'. பிரெஞ்சு ஆப்பிரிக்காவில் யானை வேட்டையை நிறுத்தச் சொல்லி மொரெல் என்பவர் மனுவோடு அலைகிறார். யாரும் கையெழுத்துப் போடாதபோது துப்பாக்கி எடுக்கிறார். அவருக்கு யானை மேல் ஏன் இத்தனை பிடிப்பு? நாஜி முகாமில் அடைபட்டிருந்தபோது, எதற்கும் தடைபடாமல் பரந்த வெளியில் நடந்துபோகும் யானைகளை மனதில் ஓட்டித்தான் கைதிகள் உயிரைப் பிடித்துவைத்திருந்தார்கள். சூழலியல் என்ற சொல்லே பரவலாகாத காலத்தில் எழுதப்பட்ட நாவல் இது. பிரான்சின் உயரிய இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசு பெற்றது. அப்போது காரி பொலிவியாவில் தற்காலிகமாகத் தூதரகப் பொறுப்பில் இருந்தார். போருக்குப் பின் வெளியுறவுத் துறையில் சேர்ந்து சோபியா, பெர்ன், நியூயார்க்கின் ஐ.நா. குழு என்று சுற்றிய வேலை அது. 1956 முதல் 1960 வரை லாஸ் ஏஞ்சலிஸில் கான்சல் ஜெனரல்.

இனி அந்தப் புனைபெயர் விவகாரம். கோன்கூர் பரிசை ஒருவர் ஒரு முறைதான் பெறலாம் என்பது விதி. காரி இரண்டு முறை பெற்றார். 'பரிசுக்காக ஏமாற்றினார்' என்று இதைச் சுருக்குவது நியாயமில்லை. எழுபதுகளில் விமர்சகர்கள் அவரைப் படிக்காமலே எடைபோட ஆரம்பித்திருந்தார்கள்: தெகோல் ஆள், பதக்கக்காரர், நடிகையின் கணவர், காலம் முடிந்தவர். பெயரைக் கழற்றிவிட்டால் எழுத்தை எப்படிப் படிப்பார்கள் என்று பார்க்க நினைத்தார். மறுபடி முதலிலிருந்து தொடங்கும் ஆசையும் இருந்தது. அதை அவரே எழுதிவைத்திருக்கிறார்.

வேலை இப்படி நடந்தது. 'எமில் அஜார்' என்ற பெயரில் எழுதிய முதல் நாவலின் கையெழுத்துப் பிரதி, ஒரு நண்பர் மூலம் பிரேசிலிலிருந்து வந்ததாகப் பதிப்பகத்துக்குப் போனது. எழுத்தாளர் சட்டச் சிக்கலில் மாட்டி நாடு திரும்ப முடியாதவர் என்று கதை. அதை வெளியிட்டது மெர்க்யூர் த ஃபிரான்ஸ். 1974-ல் வந்த அந்த 'க்ரோ-காலான்', பாரிஸ் அடுக்ககத்தில் மலைப்பாம்பு வளர்க்கும் தனியனின் கதை. அது ரெனோதோ என்ற இன்னோர் இலக்கியப் பரிசுக்குப் பேசப்பட்டபோது, விலக்கிக்கொள்கிறேன் என்று கடிதம் போனது. அதுவரை பிரச்சினையில்லை.

இரண்டாவது நூலில்தான் பிடி நழுவியது. 'லா வி தெவான் சுவா' பெரிய வெற்றி பெற்றதும் பத்திரிகைகள் அஜாரின் முகத்தைக் கேட்டன. காரி தன் உறவினர் பால் பாவ்லோவிச்சை அஜாராக நடிக்கவைத்தார். பெயர்தெரியாத ஒருவராக மட்டும் காட்சிகொடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. பாவ்லோவிச் பதிப்பாசிரியரைச் சந்தித்தார், கோபன்ஹேகனில் பேட்டி கொடுத்தார். தன் நிஜ வாழ்க்கை விவரங்களையும் புகைப்படத்தையும் வெளியே விட்டார். அவற்றை வைத்து ஒரு வார இதழ் ஆளைக் கண்டுபிடித்துவிட்டது. அவர் காரிக்குச் சொந்தம் என்பதும் தெரிந்துபோயிற்று. இதற்கிடையே 1975 நவம்பரில் கோன்கூர் அறிவிப்பு. வழக்கறிஞர் வழியாக அஜார் மறுத்துப் பார்த்தார். பிறப்பையும் இறப்பையும் போல இதையும் ஏற்கவோ மறுக்கவோ முடியாது என்று பரிசுக் குழு பதில் சொல்லிவிட்டது.

சந்தேகத்தைத் திசைதிருப்ப, 1976-ல் 'சூடோ' என்ற நூலை வெகு வேகமாக எழுதினார். பாவ்லோவிச்சின் வாக்குமூலம் போன்ற வடிவம். மனம் கலங்கிய ஓர் எழுத்தாளரின் குரல். அதில் காரியே கொடுமைக்கார மாமாவாக வருகிறார். இவ்வளவு கேவலமாகத் தன்னைத் தானே யார் எழுதிக்கொள்வார் என்று எல்லோரும் நம்பினார்கள். அதே ஆண்டுகளில் காரி பெயரில் வந்த நாவல்களுக்கு 'முதுமை, தளர்ச்சி' என்று மதிப்புரைகள். ஒளிவிடம், யூத முதியவர்கள், கைவிடப்பட்ட குழந்தை எல்லாம் இரு பெயர்களிலும் பொதுவாக இருந்தும் பொதுவெளியில் யாரும் அவற்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை. 'லா வி தெவான் சுவா' கதையைச் சொல்லும் சிறுவன் மோமோவின் தப்புத்தப்பான, தெருவில் பொறுக்கிய மொழி கண்ணை மறைத்துவிட்டது. கையெழுத்துப் பிரதியை அவர் வீட்டிலேயே பார்த்த ஒரு பெண்மணி உண்மையைச் சொல்லியும் எவரும் காதில் வாங்கவில்லை என்று பிற்பாடு காரி எழுதினார்.

நடிகை ஜீன் சீபெர்க்குடனான மணவாழ்வு பற்றி அதிகம் எழுதப்பட்டுவிட்டது. 1960-களின் தொடக்கத்தில் மணம், 1970-ல் விவாகரத்து. கறுப்பினப் போராளிகளுக்கு உதவியதற்காக அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. சீபெர்க் மேல் வதந்தி பரப்பியதை, 1979-ல் அவர் இறந்த சில நாட்களில் அந்த அமைப்பே ஒப்புக்கொண்டது. 1980 டிசம்பர் 2 அன்று காரி பாரிஸில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். சீபெர்க் மரணம்தான் காரணம் என்று இன்றும் எழுதுகிறார்கள். இதற்கும் அவருக்கும் தொடர்பில்லை என்று அவருடைய கடைசிக் குறிப்பே தெளிவாகச் சொல்கிறது; அந்தக் கோரிக்கைக்காவது மரியாதை கொடுக்கவேண்டும். அஜார் யாரென்ற உண்மை 1981 ஜூலையில், அவர் எழுதிவைத்துவிட்டுப் போன சிறு நூல் வழியாக வெளியே வந்தது.

எங்கே தொடங்குவது? ஆங்கிலத்தில் படிப்பவர்கள் 'தி லைஃப் பிஃபோர் அஸ்' எடுக்கலாம். அதுதான் மோமோவின் கதை. சுருக்கமானது, முன்னறிவு எதுவும் வேண்டாம். அடுத்து 'ப்ராமிஸ் அட் டான்', மேலே சொன்ன எச்சரிக்கையோடு. மூன்றாவதாக 'தி ரூட்ஸ் ஆஃப் ஹெவன்', அதாவது யானைகளின் நாவல். இதைப் பாதியில் விட்டவர்கள் அதிகம், காரணமும் உண்டு: மொரெலைப் பற்றிப் பலர் மாறிமாறிப் பேச, அவர் வெகுநேரம் மேடைக்கே வருவதில்லை. யார் பேசுகிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே படித்தால் தாண்டிவிடலாம். முதல் நாவலைப் படிக்கும்போது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். காரி தன் நூல்களைத் திருத்திக்கொண்டே இருந்தவர். 1944-ன் ஆங்கில வடிவமும் பின்னாளைய பிரெஞ்சுப் பதிப்பும் ஒன்றல்ல. 'லேடி எல்' போன்றவற்றை முதலில் ஆங்கிலத்திலேயே எழுதிப் பிறகு பிரெஞ்சுக்குக் கொண்டுபோனார், ஆகவே அவற்றில் எது மூலம் என்ற வாதத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம். அதற்குப் பிறகு கடைசி நாவலான 'தி கைட்ஸ்' ('லே செர்வோலான்'). 'சூடோ' மட்டும் கடைசியில்தான். ஆங்கிலத்தில் 'ஹோகஸ் போகஸ்'. அஜார் விவகாரத்தின் வரிசை தெரியாமல் அதைத் திறந்தால் பத்துப் பக்கம் தாண்டாது; தெரிந்துகொண்டு திறந்தால், ஒவ்வொரு வரியிலும் பேசுவது யார் என்று நிதானித்து நிதானித்துப் படிக்கவேண்டியிருக்கும்.